ஏசி மெக்கானிக்குக் குளிருது

சிரிங்க சார், நல்லாவே சிரிங்க. வாய மூடிக்கிட்டு தோள மட்டும் குலுக்குனா எனக்குத் தெரியாதா? எல்லாரும் இப்பிடித்தான் சிரிக்கறாங்க. வெளிய தார் ரோடு உருகி செருப்புல ஒட்டுது, ஏசி ரிப்பேர் பண்ண வந்தவன் கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறான்! கீழ உங்க செக்யூரிட்டி என்ன கேட்டான் தெரியுமா? "என்னண்ணே, ஏசிய ஒடம்புக்குள்ளயே மாட்டிட்டு வந்துட்டீங்களா?"ன்னான். அவனுக்கு என்ன, இருபத்தஞ்சு வயசு, எல்லா சுரப்பியும் ஒழுங்கா சுரக்குது...

அந்த நாற்காலிய மட்டும் கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஆங். லேப்டாப்ப மூடிருங்க, தூசி கொட்டும். மீட்டிங்கா? உங்க மைக்க அணைச்சு வெச்சிருக்கீங்கல்ல? அப்போ சரி, அவங்க பேசட்டும். நானும் பேசிக்கிட்டேதான் வேல பாப்பேன். வாய் ஓடலன்னா எனக்குக் கை ஓடாது சார்.

என்ன சொன்னேன்? ஆங், ஸ்வெட்டர். எல்லாம் இந்தத் தொண்டைக்குழி பண்ற வேல. இதோ, இங்க. தைராய்டு. "ஆம்பளைக்கு எப்பிடி தைராய்டு?"ன்னு மட்டும் கேட்டுராதீங்க. ஊரே கேட்டாச்சு. ஏன் சார், ஆம்பளைக்குத் தொண்டை இல்லியா?

பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு றெக்கைய விரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காம். எடை எவ்ளோ இருக்கும்கறீங்க? உங்க ரிமோட்டுக்குள்ள ரெண்டு சின்ன பேட்டரி இருக்கே, அவ்ளோதான். அந்தத் துக்கடா சாமான்தான் இந்த எண்பது கிலோவயும் ஓட்டுது. எவ்ளோ சூடா இருக்கணும், நெஞ்சு எவ்ளோ வேகமா அடிக்கணும், தின்னது எப்போ செரிக்கணும், தோல் காயணுமா வழவழன்னு இருக்கணுமா, எல்லாம் அதோட கையில. அதுலேர்ந்து சொட்டுச் சொட்டா ஹார்மோன் எறங்கி ரத்தத்துல கலந்து தலையிலேர்ந்து கால் வரைக்கும் போய் வேல சொல்லுது. ஒயரும் கெடையாது, பைப்பும் கெடையாது. நான் ஒரு மெஷினுக்கு எத்தன ஒயர் இழுக்கறேன்!

அதுக்கு மேல ஒரு மேஸ்திரி வேற இருக்கு. மூளைக்கு அடியில, பட்டாணி சைசுல. பிட்யூட்டரியாம். ரத்தத்துல தைராய்டு சரக்கு கொறஞ்சா மேஸ்திரி சத்தம் போடும், "டேய், ஊத்துடா!"ன்னு. அந்தச் சத்தத்துக்குப் பேருதான் டிஎஸ்ஹெச். சரக்கு போதும்னா மேஸ்திரி வாய மூடிக்கும். அப்போ டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் ஏறியிருந்தா சரக்கு பத்தலன்னு அர்த்தம், எறங்கியிருந்தா சரக்கு ஜாஸ்தி. தலைகீழ்க் கணக்கு சார். எனக்குப் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்குப் புரிஞ்சுதா? தலைய ஆட்டறீங்க... சரி, புரிஞ்சுதுன்னே வெச்சுக்கறேன்.

அந்த ஸ்க்ரூ டிரைவர கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அது இல்ல, நீளமானது. ஆங்.

எனக்கு நாலு வருஷமா இருக்கு. சரக்கு பத்தாத கேஸ். காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல நூறு மைக்ரோகிராம் மாத்திரை ஒண்ணு, அரைமணி நேரம் கழிச்சுதான் டீ. என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துல லைப்ரரி பாக்கறவ. எடுத்த புத்தகம் திரும்பி வர்ற வரைக்கும் பசங்கள விடமாட்டா. மாத்திரையிலயும் அப்பிடித்தான். நான் முழுங்கறத கண்ணால பாத்தாத்தான் அடுப்புல டீயே ஏறும். நாலு வருஷமும் ராஜா மாதிரி இருந்தேன். மூணு மாடி ஏறி, மெஷின கழட்டி, கழுவி, மாட்டிட்டு வந்து "அடுத்த வீடு எங்க?"ன்னு கேக்கற ஆளு சார் நான்.

ஏழு மாசத்துக்கு முன்னாடி எப்பவும் போல ரத்தம் குடுத்தேன். ரிசல்ட்டு வருது... டிஎஸ்ஹெச் பாதாளத்துல! ஹார்மோன் வானத்துல! நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்காரு, குனிஞ்ச தல நிமிர மாட்டாரு. எங்க வீட்டுல அவருக்குப் பேரே காகித டாக்டர். காகிதத்தப் பாத்தாரு, "சரக்கு ஜாஸ்தி, எழுவத்தஞ்சாக்கிடு"ன்னாரு. முடிஞ்சுது. என் மூஞ்சிய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாத்திருந்தாருன்னா... சரி விடுங்க.

ஒரு மாசத்துல ஆரம்பிச்சுது பாருங்க. மொதல்ல குளிர். அடுத்து தூக்கம். வேன ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங் மேல தல வெச்சு தூங்கறேன் சார், பகல் பதினோரு மணிக்கு! கொரல் தவளை மாதிரி ஆயிடுச்சு. காலையில மூஞ்சி உப்பி, என் போனு என்னையே அடையாளம் தெரியாம "மறுபடியும் முயற்சி செய்யவும்"ங்குது. வயித்த விட்ருங்க, அதப் பத்தி சொன்னா நீங்க சாப்பாட்டுல கை வெக்க மாட்டீங்க.

தொழில்ல வந்து அடிச்சுது பாருங்க, அதான் கொடும. ஒரு வீட்டுல மெஷின சரி பண்ணிட்டு "ஜில்லுன்னு இருக்கு மேடம்"ங்கறேன். அந்தம்மா கர்ச்சீப்பால கழுத்தத் தொடச்சுக்கிட்டே, "எங்கங்க ஜில்லுன்னு இருக்கு?"ங்கறாங்க. நான் நடுங்கறேன், அவங்களுக்கு வேர்க்குது. கடைசியில பாத்தா அந்த மெஷின்ல குளிரூட்டற கேஸே இல்ல! இருவது வருஷமா கையக் காட்டியே எத்தன டிகிரின்னு சொல்லுவேன் சார். இப்போ தெர்மாமீட்டர தூக்கிக்கிட்டு அலையறேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட். மறுபடியும் அதே பாட்டு, சரக்கு ஜாஸ்தியாம்! லேபுல ரத்தம் எடுக்கற அக்காகிட்ட ஒரு ஆட்டம் ஆடுனேன் பாருங்க... "யாரோட ரத்தத்தயோ என் பேருல ஒட்டிட்டியா? மெஷின தொடைக்கறீங்களா இல்லியா? எங்க ஆளுங்க மாசம் ஒரு தடவ தொடைக்கறோம்!"ன்னு. பாவம், அவங்க, "இன்னொரு தடவ எடுத்துப் பாத்துரலாம்ணே"ன்னு புது ஊசி பிரிச்சாங்க. அதுலயும் அதேதான். காகித டாக்டர் நிமிராமலே அம்பதாக்குனாரு.

என் வீட்டுக்காரி அன்னிக்கே சொன்னா. "காகிதம் ஒண்ணு சொல்லுது, உங்க மூஞ்சி ஒண்ணு சொல்லுது. ரெண்டுல எது பொய்?"னு. கரெக்டா கேட்டா சார். நான்தான், "உன் வேல புத்தகத்தோட நிக்கட்டும்"னு வாய மூட வெச்சேன்.

பில்டரப் பாத்தீங்களா? கம்பளி மாதிரி இருக்கு. இத நான் போட்டுக்கலாம் போல.

அப்புறம்தான் அந்த விபத்து. என் மச்சினன், வீட்டுக்காரியோட தம்பி, பதினாலு வருஷமா என்னோட பார்ட்னரு. நான் மேலன்னா அவன் கீழ, அவன் மேலன்னா நான் கீழ. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பல் டாக்டர் கிளினிக்கு, மொத மாடி. வெளி யூனிட்ட ஜன்னல்லேர்ந்து கயித்துல எறக்கி, சுவத்துல அடிச்ச இரும்புத் தாங்கி மேல ஒக்கார வெக்கணும். நான் மேல, கயித்தக் கம்பியில கட்டிட்டு கொஞ்சங் கொஞ்சமா விடறேன். அவன் ஏணியில நின்னுக்கிட்டு கையால திருப்பி விடறான். சடார்னு ஒரு அடி எறங்கிருச்சு சார். அவன் மணிக்கட்டு தாங்கிக்கும் யூனிட்டுக்கும் நடுவுல...

ஆமா. ஒடஞ்சுபோச்சு. 

அந்த நேரத்துல மட்டும் ஒடம்பு எப்பிடித்தான் முழிச்சுதோ! கிட்னி மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்காம்ல, அட்ரினல், அதுலேர்ந்து என்னமோ குபுக்குனு பாஞ்சுது. மாசக்கணக்கா படி ஏற மூச்சு வாங்குனவன், ஒத்த ஆளா அந்த யூனிட்ட இழுத்து மேல தூக்கிட்டேன். தூக்கி முடிச்சதும் மொத வார்த்த என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன்டா பிடிய விட்ட?"ன்னேன். அவன் கையப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்துப்போய், "ஆமா மாமா, கண்ணுல தூசி விழுந்துச்சு, ஒரு நொடி விட்டுட்டேன். உங்க மேல விழுந்திருந்தா என்ன ஆவறது"ங்கறான். மேல நிக்கறவன் மேல எப்பிடிடா விழும்? அப்பிடிப்பட்ட ஆளு அவன்.

தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க சார். ஃப்ரிட்ஜ் தண்ணி வேணாம், வேணாம்! பைப்புல வர்றதே போதும்.

அதுக்கப்புறம்தான் என் வீட்டுக்காரி என்னை இழுத்துக்கிட்டுப் போனா, சுரப்பிக்குன்னே படிச்ச ஒரு டாக்டரம்மாகிட்ட. அந்தம்மா காகிதத்த மேசையில கவுத்து வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க சார்! மூஞ்சியப் பாத்தாங்க, தோலக் கிள்ளிப் பாத்தாங்க, நாடி பிடிச்சாங்க, அம்பத்திரெண்டு. குதிகாலுக்கு மேல ஒரு சின்ன சுத்தியலால தட்டுனாங்க. என் காலு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி, நகரலாமா"ங்கற மாதிரி நகருது. "இந்த ஒடம்புல சரக்கு ஜாஸ்தியா? வாய்ப்பே இல்ல"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. "கேட்டியாடி, லேபுக்காரி பொய், காகித டாக்டர் பொய்!"னு என் வீட்டுக்காரியப் பாக்கறேன்.

டாக்டரம்மா கேட்டாங்க, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" ஒண்ணும் இல்லன்னேன். "சத்து மாத்திரை?" இல்ல. "நகத்துக்கு, தோலுக்கு, முடிக்குன்னு எதாவது விட்டமின்?"

இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லணும் சார். உங்களோட நிக்கட்டும்.

எட்டு மாசம் முன்னாடி ஒரு வீட்டுக்கு சர்வீசுக்குப் போறேன். கதவ ஒரு குட்டிப் பொண்ணு தொறக்குது, நாலு வயசு இருக்கும். உள்ள திரும்பி, "அம்மா, ஏசி தாத்தா வந்திருக்காரு!"ங்குது. தாத்தா! எனக்கு நாப்பத்தாறு வயசு சார்! அவங்க அம்மா, "அங்கிள்னு சொல்லும்மா"ன்னு திருத்தறாங்க. அது என் மண்டைய நல்லா உத்துப் பாத்துட்டு, "இல்ல, தாத்தா"ங்குது. தீர்ப்பே சொல்லிடுச்சு.

அன்னிக்கு சாயங்காலமே மருந்துக்கடையில ஒரு டப்பா வாங்குனேன். முடி வளர. மேல அழகா ஒருத்தன் தலையக் கோதிக்கிட்டு நிப்பான். பயோட்டின்னு ஒரு விட்டமின், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. நான் மூணு போட்டேன். வெரசா வளரட்டும்னுதான். வீட்டுல வெச்சா லைப்ரரிக்காரி கண்டுபிடிச்சுருவா, அதனால டூல் பைக்குள்ள, ஸ்க்ரூ போடற தகர டப்பாவுல. அவகிட்ட எப்பிடி சார் சொல்றது? "மொட்ட உங்களுக்கு அழகாத்தான் இருக்கு"ன்னு கல்யாண நாளுலேர்ந்து சொல்றவ. கல்யாணத்தப்பவே பாதி போயிருச்சு, அது வேற கத.

டாக்டரம்மா "முடிக்கு"ன்னு சொன்னதும் என் கை, என்னைக் கேக்காம, தலைக்குப் போயிருச்சு. அவ்ளோதான். ரெண்டு பொம்பளைங்களும் என் கையவே பாக்கறாங்க.

விஷயம் என்னன்னா சார், ரத்தத்துல ஹார்மோன் எவ்ளோன்னு அளக்க, சில மெஷின்ல பசை மாதிரி ஒண்ணு வேல செய்யுதாம். அந்தப் பசையே பயோட்டின்தானாம். நம்ம ரத்தத்துலயே பயோட்டின் எக்கச்சக்கமா மெதந்தா, ஒட்ட வேண்டியது ஒட்டாம, கம்மிய ஜாஸ்திங்கும், ஜாஸ்திய கம்மிங்கும். லேபுக்காரி மேலயும் தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல. உள்ள போன சரக்கு அப்பிடி. காகித டாக்டர் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தான். ஆனா அவரு கேட்டிருந்தா மட்டும் நான் சொல்லியிருப்பேனா?

இன்னொரு கூத்து கேளுங்க. தைராய்டு சரக்கு கொறஞ்சா முடி கொட்டும். எனக்கு டோஸ் கொறைய கொறைய முடி கொட்டுச்சு. முடி கொட்டக் கொட்ட நான் அந்த மாத்திரைய இன்னும் போட்டேன். போடப் போட டெஸ்ட் தப்பா வந்துச்சு, டோஸ இன்னும் கொறைச்சாங்க. நானே ஆரம்பிச்சு, நானே சுத்துன ராட்டினம்!

ஒரு வாரம் அத நிறுத்திட்டு மறுபடியும் ரத்தம் குடுத்தேன். டிஎஸ்ஹெச் முப்பத்தெட்டு. அஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது! மேஸ்திரி உள்ள தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்திருக்கு, பாவம், ஒருத்தருக்கும் கேக்கல. பழையபடி நூறுக்குப் போயாச்சு. இப்போ ஒண்ணரை மாசம். தூக்கம் போச்சு, கொரல் வந்துருச்சு, போனு என்னை மன்னிச்சு உள்ள விடுது. குளிர்தான் கடைசியா போவுமாம்.

வீட்டுக்காரியா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சிரிச்சா சார், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஆட்டோக்காரங்க திரும்பிப் பாக்கறாங்க. வீட்டுக்கு வந்து மூணு நாள் பேசல. நாலாவது நாள், "மொட்டைன்னு நான் என்னிக்காவது மொகம் சுளிச்சேனா? என்கிட்ட மறைக்கற அளவுக்கு நான் என்ன பண்ணேன்?"னு கேட்டா. அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். லேப் அக்காகிட்டயும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன். அவங்க, "பரவால்லண்ணே, இப்போ எங்க போர்டுல 'முடி மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லவும்'னு எழுதிட்டோம். உங்க பேரு போடல"ன்னாங்க.

எல்லாம் சரியாயிருச்சுல்ல, இன்னும் என்ன பொலம்பறன்னு பாக்கறீங்க.

மச்சினன் சார்... அவன் வேலைய விடறான். மாவுக்கட்டப் பிரிச்சு ரெண்டு வாரம் ஆச்சு, கை கூடிருச்சு. ஆனா, "எனக்குக் கவனம் போயிருச்சு மாமா, இனிமே ஏணி ஏறுனா யாராவது சாவாங்க"ங்கறான். குடோன்ல பெட்டி எண்ணற வேலைக்கு ஒத்துக்கிட்டான். என்னோட வர்றது இன்னியோட சரி. பதினாலு வருஷத்துல ஒரு ஆணிய கீழ போட்டதில்ல சார் அவன்! அவனுக்குக் கவனம் போயிருச்சாம்!

...இல்ல சார். நான் முன்னாடி சொன்னது முழுசா சரியில்ல.

அவன் பிடிய விடல. கயித்துக்கு ரெண்டு முடிச்சு போடணும். ஒண்ணுதான் போட்டிருந்தேன். ரெண்டாவது போட்டதா நெனப்பு இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு, அந்த மாசமெல்லாம் எனக்கு மண்டைக்குள்ள பனி மூட்டம்தான். அவன ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு சாமான் எடுக்க மேல வந்தப்போதான் பாத்தேன். கம்பியில ஒத்த முடிச்சு, பாதி உருவித் தொங்குது. பாத்துட்டு நின்னேன். அப்புறம் யாரும் வர்றதுக்கு முன்னாடி அவுத்து, சுருட்டி, பைக்குள்ள போட்டுட்டேன்.

மறந்ததுக்கு ஹார்மோன் மேல பழி போடலாம் சார். அவுத்து மறைச்சதுக்கு எந்தச் சுரப்பிமேல போடறது?

வீட்டுக்காரிக்கு மாத்திரை கத தெரியும், முடிச்சு கத தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். என் பேரு கூட தெரியாது உங்களுக்கு... மச்சினன்கிட்ட சொல்லத்தான் மூணு தடவ போனேன். மொத தடவ அவன் பையன் அந்த மாவுக்கட்டு மேல படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தான். அடுத்த தடவ அவனே, "எப்பிடி மாமா இருக்கு ஒடம்பு?"ன்னு கேட்டுட்டான், "நல்லாருக்குடா"ன்னுட்டு வந்துட்டேன். மூணாவது தடவ பழம் குடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

உங்க மெஷின் ரெடி சார். ரூம் சூட்ட அளக்கற சென்சாரோட கிளிப் கழண்டு, அது ஜில்லுன்னு இருக்கற காயில் மேல சாஞ்சிருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. போட்டுப் பாருங்க. காத்து வருதா? என்னைக் கேக்காதீங்க, நீங்க சொல்லுங்க.

லிப்ட் சத்தம். மச்சினன்தான். வேன நிறுத்திட்டு வர்றான்.

சார், ஒரு ஒதவி. நீங்க இங்கயே இருங்க. ஆள் இருந்தா என்னால சொல்ல முடியும், பின்வாங்க மாட்டேன். சும்மா லேப்டாப்ப வெச்சுக்கிட்டு... சார்? மீட்டிங்ல கூப்பிடறாங்களா? ஒரு அஞ்சே நிமிஷம்... சார்!

உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாரு.

வா மாப்ள. ஏணிய வெளியவே சாத்து. இல்ல, முடிஞ்சுது, மெஷின் ஓடுது. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். எதுக்கு இப்போ டூல்ஸ எண்ணற? கீழ வை. ஒக்காரு. நாற்காலியில ஒக்காருடா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

குளிரல.

அன்னிக்கு நீ பிடிய விடல மாப்ள. கயித்துல ரெண்டாவது முடிச்ச நான் போடவே இல்ல.